ஜன்னலில் கவிழ்த்து வைத்த டம்ளர்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. இன்று எனக்கு எண்பத்தொரு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. இத்தனை துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள்தான். என்னை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் இரண்டு வயது குறைத்தே சொல்வீர்கள். மரியாதைக்காகப் பொய் சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. இந்தக் கடிதமும் அப்படிப்பட்ட ஒரு பொய்யைப் பற்றியதுதான்.

காலையில் மாடியில் குடியிருக்கும் பெண் வந்தாள். ஹெப்பாளில் கணினி வேலை. வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். "அஜ்ஜி, ஒரு காபி கிடைக்குமா?" என்று பாட்டியைக் கன்னடமாக்கி வாசலில் கேட்டவள், நான் பதில் சொல்வதற்குள் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். சௌக்கியமா என்று ஒரு சொல் கிடையாது. குடித்து முடிக்கும்வரை கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்வதற்கு என்னிடம் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் அவள் எழுந்துபோய் டம்ளரைக் கழுவி, சமையலறை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"அதை அங்கிருந்து எடு! நீ ஏன் கழுவினாய்?" என்று நான் போட்ட கூச்சலில் அவள் பயந்துபோனாள்.

"குடிச்ச டம்ளரைக் கழுவறது பேசிக் மேனர்ஸ்தானே, அஜ்ஜி? ஏன், அது ஏதாவது ஸ்பெஷல் டம்ளரா?"

ஆறு எவர்சில்வர் டம்ளர்கள், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. அக்ரஹாரத்து வீட்டை விற்றுவிட்டு மைசூரிலேயே இந்த விஜயநகருக்கு வந்தபோது என்னோடு வந்தவை. அந்த ஆறில் ஒன்று உங்களுடையது. எது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு என் வயது காரணமல்ல.

நாம் இருவரும் அந்தப் பெண்ணைவிடச் சற்றே மூத்தவர்களாக இருந்தபோது கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு வேதியியல், உங்களுக்குத் தாவரவியல். கொள்ளேகாலத்துக்கு அப்பால் மஞ்சள் பயிரிடும் குடும்பத்திலிருந்து படிக்க வந்த முதல் பெண் நீங்கள். முதல் நாளே என்னை வழிமறித்து, "ஏனுங்க அம்மிணி, நீங்க தமிழுங்களா?" என்றீர்கள். ஆம் என்று சொல்லி, எங்கள் வீட்டுத் தமிழில் நான் நாலு வாக்கியம் பேசினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "இது தமிழுன்னா நாங்க பேசறது என்னங்க?" மேல்கோட்டை ஐயங்கார் பரம்பரையைப் பார்த்து அப்படிச் சிரித்தவர் அதுவரை எவருமில்லை. எனக்குக் கோபம் வந்தது. மறு வாரமே உங்களை வீட்டுக்கு அழைத்தேன்.

என் மாமியாரின் உபசாரம் உங்களுக்கு நினைவிருக்கும். "வாங்கோ, வாங்கோ, ஒக்காருங்கோ. அம்மா சௌக்கியமா? தம்பி பரீட்சை எழுதிட்டானா? மஞ்சளுக்கு இந்த வருஷம் விலை இருக்கோ?" ஒருமுறை கேட்ட பெயரை அவர் மறந்ததில்லை. பூவும் குங்குமமும் தராமல் உங்களை ஒருநாளும் அனுப்பியதில்லை. விரல் படாமல் மேலிருந்து போடுவார். அவ்வளவு இதமாகப் பேசிக்கொண்டே, ஆறு டம்ளரில் ஒன்றை எடுத்துக் கொல்லைப்புற ஜன்னலில் தனியாக வைத்து, "அவாளுக்கு இது" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னவரும் அவர்தான்.

நாங்கள் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து நீங்களும் அண்ணாந்து குடிக்க முயன்று, புதுப்புடவையில் காப்பியைக் கொட்டிக்கொண்டீர்கள். பிறகு யாரும் சொல்லாமலே கொல்லைக் குழாயில் டம்ளரைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை. "எங்கூட்லயும் இப்படித்தானுங்க அம்மிணி. அவங்கவங்க குடிச்சதை அவங்கவங்க கழுவிப் போடோணும். எங்கம்மா அதுல ரொம்பக் கண்டிசனுங்க."

நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. எஃகில் எதுவும் ஒட்டாது என்று காலையில் வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கள் வந்தீர்கள், குடித்தீர்கள், கழுவினீர்கள், கவிழ்த்தீர்கள்.

உங்கள் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். சாப்பிட்டு எழுந்ததும், உங்கள் அம்மாவின் கண்டிப்புக்குப் பயந்து, நல்ல பிள்ளையாகத் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். உங்கள் அம்மா ஓடிவந்து பிடுங்கினார். "அட சாமி! வந்தவங்க தட்டுக் கழுவறதாவது! எங்க ஊட்டுல சோறு தின்ன ஆரும் இதுவரைக்கும் தட்டைத் தொட்டதில்லீங்க. நாலு பேரு பாத்தா என்னங்க நினைப்பாங்க?"

நீங்கள் வாசற்படியில் நின்று, களத்தில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவே இல்லை.

மைசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்துவிட்டோம். பிறகு நீங்கள்தான் தொடங்கினீர்கள். "அம்மாவுக்கு வயசாயிடுச்சுங்க அம்மிணி. பழைய கண்டிசனெல்லாம் மறந்துபோச்சு."

"ஆமாம், வயதானால் மறக்கத்தான் செய்யும்," என்றேன்.

அதற்குமேல் அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்க நேர்ந்திருக்கும். நீங்கள் பெருந்தன்மையோடு மன்னிக்க நேர்ந்திருக்கும். அதன்பின் நம்மால் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருக்க முடிந்திருக்காது. அந்த நட்பைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை, உங்களுக்கும்தான்.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தீர்கள். அதன்பின் எத்தனையோ வியாழக்கிழமைகள். ஒருநாள் என் மாமியார் உங்களிடம் அங்கலாய்த்தது நினைவிருக்கிறதா? "வெள்ளிக்கிழமை காலம்பற இவ தர காப்பி அமிர்தமா இருக்கு. மத்த நாள்லே ஏனோ அந்த ருசி வரதில்லே."

நீங்கள் விடுவீர்களா? "வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அப்படி என்னங்க அம்மிணி கலக்கறீங்க? எங்களுக்கும் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"சிக்கரி," என்றேன். "அன்றைக்குக் கொஞ்சம் குறைத்துப் போடுவேன்."

"வேதியியல் படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க," என்று கண்ணடித்தீர்கள்.

மாடிப் பெண்ணின் தோழிகள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். ஒரே பாட்டிலில் வாய் வைத்து நாலு பேர் குடிக்கிறார்கள். ஒரே தட்டில் கை விட்டுச் சாப்பிடுகிறார்கள். யார் எந்த வீட்டுப் பெண் என்று ஒருத்திக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. ஒருத்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது மற்றவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. என் மாமியாராக இருந்தால் முதல் நாளே கஞ்சி காய்ச்சி அனுப்பியிருப்பார், தனிப் பாத்திரத்தில். எந்தக் காலத்து மரியாதை உயர்ந்தது என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் இரண்டு தரப்புக்கும் தோல்வி மதிப்பெண்தான் போடுவேன். ஆனால் அந்தப் பெண் இன்று டம்ளரைக் கழுவியபோது, அந்தச் செயலில் கழுவுவதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. கூச்சல் போட்டதற்காக அவளுக்கு இன்னொரு காப்பி கொடுத்தேன்.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது குரல் எழும்பாமல் கிடந்தீர்கள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்திரிச்சு வந்தன்னா அந்த ஜன்னல் டம்ளர்லயே காப்பி குடுங்க அம்மிணி. அது என்ற டம்ளராச்சே." அத்தனை ஆண்டுகளில் அந்த டம்ளரைப் பற்றி உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை. அதையும் உரிமையாக்கிக்கொண்டு சொன்னீர்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் அம்மாவின் கண்டிப்பைப் பற்றி நீங்கள் சொன்ன பொய் அதோடு உடைந்துபோயிருக்கும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் போய்விட்டீர்கள், இனி உங்களைச் சங்கடப்படுத்த வழியில்லை என்பதால் சொல்கிறேன். கல்யாணத்திலிருந்து திரும்பிய பின் வந்த முதல் வியாழக்கிழமை, நீங்கள் கவிழ்த்துவிட்டுப் போன டம்ளரை ஜன்னலிலிருந்து உள்ளே எடுத்துவந்தேன். உள்ளே இருந்த ஒன்றை அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்படியே. எது உங்களுடையது என்று தெரியாமல் போனது அதனால்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் மாமியாருக்கு முதல் காப்பியை நீங்கள் குடித்த டம்ளரில் கொடுத்தேன். அவர் மறையும்வரை கொடுத்தேன். சிக்கரியை நான் என்றைக்கும் குறைத்ததே இல்லை.