பீரங்கிக்குப் பச்சைக் கறி

மார்ச் 3, திங்கள்

இந்த வீட்டின் சேனாதிபதியும் சமையலறையின் துணைவேந்தரும் அக்காவின் ஒரே தம்பியுமாகிய நான் சத்தியம் செய்து எழுதுகிறேன்: இனி வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

அக்கா மகள், அதாவது என் மருமகள், வேலை விஷயமாக வெளிநாடு போயிருக்கிறாள். அவள் நாய் பீரங்கி எங்கள் பொறுப்பில். அரை யானை எடை. தும்மினால் பக்கத்துத் தெருவில் துணி காய்ந்துவிடும். பத்து வயது, இவ்வளவு பெரிய ஜாதிக்கு அது தள்ளாத வயது. பல் தேய்ந்து, பாக்கெட் தீனியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறான். நேற்றுப் படியேறும்போது பின்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டான்.

போனில் மருமகள்: “டாக்டர்கிட்ட பேசிட்டேன் மாமா. இனிமே பச்சைக் கறி குடுங்க. வேக வைக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் அவனைப் பார்த்துக்கோங்க, ப்ளீஸ்.”

உத்தரவு, மகாராணி.

மார்ச் 4

சந்தையையே காலி செய்தேன். வெள்ளரி, பீன்ஸ், சுரைக்காய், இரண்டு கட்டு கீரை. அக்கா அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள்.

“ஏண்டா, இது நாய்க்கா, மாட்டுக்கா?”

“டாக்டர் சொல்லிட்டார். நீ பொடியா நறுக்கு.”

பீரங்கி முகர்ந்தான். தூக்குத் தண்டனை எழுதப்போகும் நீதிபதியைப்போல என்னைப் பார்த்தான்.

மார்ச் 5

தொடவில்லை. மருமகள் கேட்டாள், சாப்பிடுகிறானா என்று. “சாப்பிடறானாவா? தட்டையும் சேர்த்துத் தின்னுட்டான்.” சிரித்தாள். அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை, கவலைப்பட வைப்பானேன்?

மார்ச் 6

தண்ணீர் மட்டும். விலா தெரிகிறது. வயதா? நோயா? நான் நறுக்கியது பெரிதாகிவிட்டதோ? — கேரட்டைத் துருவி வைத்தேன். கண்ணையே திறக்கவில்லை.

போனில் மறுபடி, தட்டு காலி என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 7

எழவில்லை. டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தேன்.

“என்ன குடுத்தீங்க சார்?”

“நீங்க சொன்ன பச்சைக் கறிதான்.”

தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் சொன்னது இறைச்சி சார்.”

இந்த வீட்டில் இறைச்சி நுழைந்ததில்லை. இங்கே கறி என்றால் வாழைக்காய். இங்கே பிறந்தவள் வாயிலும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். அவளோ ஊரார் பாஷைக்கு மாறி எத்தனை காலமோ! அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார். “எலும்பு வேணாம், பல்லு தாங்காது. கொழுப்பில்லாத கறி, நல்லாக் கொத்தினது, கொஞ்சமா. கையைக் கழுவுங்க. நாளைக்கும் சாப்பிடலேன்னா... பொண்ணு வர்ற வரைக்கும் தாங்காது.”

மார்ச் 8

கறிக்கடை. நான். நானேதான்.

“பச்சையாக் குடுங்க.”

“இங்க எல்லாமே பச்சைதான் சார். யாருக்கு?”

“வீட்ல வயசானவர் ஒருத்தர்.”

“வயசானவர் பச்சையாவா சாப்பிடுவார்?”

“பல்லும் கிடையாது.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நாய் என்று சொன்னபிறகுதான் மூச்சு விட்டார். “அப்படின்னா தொடை எலும்பு வாங்கிட்டுப் போங்க, பெரிய நாய் கொண்டாடும்.” கை அதற்குப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். கொழுப்பைச் சீவச் சொல்லி, இரண்டு தடவை கொத்தச் சொன்னேன்.

தட்டில் வைத்தேன். திரும்பவில்லை. பிசுபிசுவென்று விரலில் எடுத்து மூக்கருகே நீட்டினேன். ஒன்றுமில்லை. டேய், சாப்பிடுடா. மருமகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

நாக்கு வந்தது. ஒரு முறை. அப்புறம் இன்னொரு முறை.

மார்ச் 10

வாசல்வரை நடந்தான். விழவில்லை.

மார்ச் 15

மருமகள் வந்துவிட்டாள். பீரங்கி எழுந்து அவள் தோளில் கால் வைக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்துகொண்டான். கதையை அவிழ்த்துவிட்டேன்: கறிக்கடையில் எனக்கு மாலை போட்டார்கள், ஆடுகள் வரிசையாக நின்று வணங்கின, சுரைக்காய் கண்ணீர் விட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எதையுமே நம்ப முடியல மாமா.”

“ஒரு சின்ன இடம் நிஜம்.”

“எது?”

“தட்டு காலின்னு சொன்னேனே, அப்போ அவன் பட்டினியாக் கிடந்தான்.”

சிரிப்பு நின்றது. தரையில் உட்கார்ந்து அவன் விலாவைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்குக் கறி வாங்க நானும் வரேன்,” என்றாள், என்னைப் பார்க்காமல்.