எது களை, எது உன் செல்லம்

தொட்டிப் பக்கம் போகும் முன் இதைப் படித்துவிடு.

நேற்றைய சண்டையைச் சரிக்கட்டத்தான், உன் கடல்மீன் தொட்டியில் களையாகப் பரவும், பூ மாதிரி விரிகிற அந்தப் பழுப்பு அனிமோன் உயிர்களைக் கொல்ல, விடிந்ததும் எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தொட்டி விளக்கு எரியவில்லை. நீ ஆசையாக வளர்க்கும் அனிமோன்களும் சுருங்கிப் பட்டாணி மாதிரிதான் இருந்தன. குழம்பிப்போய் ஏதோ ஒன்றுக்கு ஊசி போட்டுவிட்டேன். எதற்கென்று சத்தியமாகத் தெரியாது!

விளக்கைப் போட்ட பிறகும் விரியாமல் கிடப்பதுதான் அது. களையாக இருந்தால் போன் பண்ணு. உன் செல்லமாக இருந்தால் பண்ணாதே, புரிந்துகொள்கிறேன்.

சாப்பாடு ஃப்ரிட்ஜில்.

பி.கு: “இந்த வீட்டுல பெரிய களையே நீங்கதான்”னு நேற்று சொன்னாயே, விளையாட்டுக்கா, நிஜமாகவா? அதுவும் புரியவில்லை. எதற்கும் ஊசியை ஒளித்து வைத்துவிட்டுப் போகிறேன்.