அம்பிகாவின் கை

ஆம்பூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஆஃப்ரீனுக்கு அம்மி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது நிஜம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஷார்ஜாவில் நல்லபடியாக இருக்க ஐந்து வேளையும் துவா செய்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன புதுசாகக் கடிதம் என்று சிரிக்காதே. நான் போன் பேசும்போதெல்லாம் உன் அண்ணி சஹர் பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் காதில் விழக் கூடாத விஷயம் இது. உன் அண்ணன் காஷிஃபுக்கு முதுகு இன்னும் சரியாகவில்லை, ஆறு மாதமாக வீட்டில்தான் கிடக்கிறான், சஹர் எங்கள் ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அவர்கள் பாடு கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் உட்கார்ந்திருப்பது அம்பிகாவின் இடம், அதுதான் என் பேஜார்.

அம்பிகாவை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு மல்லிகைப்பூ கொண்டு வந்தாளே, அவள்தான். எங்கள் லைனில் தோலுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை அவளுக்கு. ரம்ஜானுக்கு முன்னால் வெள்ளை ஷூ ஆர்டர் ஓடியபோது பீஸ் பீஸாக மஞ்சள் கறை விழுந்தது. சில பேர் கை வேர்வை வெள்ளைத் தோலுக்கு ஆகாது என்று எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு. அம்பிகாவுக்கு உள்ளங்கை ஜாஸ்தி வேர்க்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. செக்கர் நான்தானே, அவள் டேபிள் பீஸை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்கள் பீஸிலும் கறை இருந்தது, அதையும் இவள்தான் தொட்டிருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். கேட்டதற்கு அவள் பதிலே பேசவில்லை, குற்றம் செய்தவள்தான் வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்திருந்தால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவள் எந்தப் பக்கம் போனாலும் நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன் கண்ணு. அவள் கைதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவளை நிறுத்தினார்கள். மறு வாரமே கறை நின்றுவிட்டது. பார்த்தீங்களா என்று லைன் முழுக்கப் பெருமையடித்தேன், அந்த வாயைக் கொண்டுபோய் எங்கே கழுவ.

ஒன்றை நம்பினால் அது தப்பாக இருக்குமா என்று முதலில் தேடிப் பார்க்கணும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதாக நீ போனில் சொன்னாய். இதற்கெல்லாமா உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். போன மாதம் வெள்ளை ஆர்டர் திரும்ப வந்தது, கறையும் வந்தது. அம்பிகா இல்லை, அவள் இடத்தில் நம் சஹர். நீ சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கையில் உறை மாட்டிக்கொண்டு, யார் கையும் படாத ஒரு வெள்ளைத் தோல் துண்டில் நானே சொல்யூஷன் தடவி, சாப்பாட்டு ரூம் ஜன்னலில் வெயில் படுகிற மாதிரி வைத்தேன். சாயங்காலம் மஞ்சள். ரம்ஜானுக்கு முன்னால் வந்த அதே கம்பெனி சொல்யூஷன் டின்தான் இப்போதும் வந்திருக்கிறது. அம்பிகாவை நிறுத்திய வாரம் அந்த டின் தீர்ந்துபோயிருக்கிறது, கறை நின்றது அதனால்.

மேனேஜர் சர்தார் பாஷாவிடம் மெதுவாகச் சொன்னேன். டின்னை மாற்றிவிட்டார், ஆனால் பழைய கதையைக் கிளறாதீங்க, நீங்க மாத்தி எழுதினா அவளைத் திரும்ப எடுக்கணும், உங்க மருமக எழுந்திருக்கணும், உங்க செக்கர் வேலையும் நிலைக்காது என்றார். மிரட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து சஹர் போட்டு வைக்கிற சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறேன். பேசினால் என் பிள்ளை வீட்டில் கஷ்டம், பேசாவிட்டால் அடுத்தவள் வீட்டில். மூன்று தடவை அம்பிகா தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்விட்டேன். டின் விஷயத்தைச் சொல்லி, தப்பு என் மேல்தான் அம்பிகா என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “நானே நம்பிட்டேங்கா. மாமியா மாவு பெசைய வுடறதில்ல. பாப்பாவுக்குத் தல வாரும்போது கூட சோப்பு போட்டு கழுவிட்டுதான் தொடறேன்” என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. உண்மையை எழுதி, அந்த மஞ்சள் துண்டையும் சேர்த்து ஒரு கவரில் போட்டேன், நாலு நாளாக என் சாப்பாட்டுப் பையில்தான் இருக்கிறது. தினமும் ஆபீஸ் கதவு வரை போகிறேன், சஹர் முகம் முன்னால் வந்து நிற்கிறது. நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல், தப்பைக் கண்டுபிடிப்பது பாதிதான், அதற்கப்புறம் நடக்கிறதுதான் கஷ்டம்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றட்டும். பல் வலிக்கு டாக்டரைப் பார், கிராம்பை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே. காஷிஃபிடம் போனில் கொஞ்சம் ஆறுதலாகப் பேசு, இனி அவனுக்கு அது வேண்டியிருக்கும். தபால் ஆபீஸ் எங்கள் கம்பெனியைத் தாண்டித்தான் இருக்கிறது. அந்தக் கவரை ஆபீஸில் கொடுக்காமல் இதைத் தபாலில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இது உன் கையில் இருந்தால், கொடுத்துவிட்டேன்.

உன் அம்மி,
ரஃபத் ஜஹான்