அம்மா பக்கத்து இடம்

திருவெறும்பூர்
நவம்பர் 5

அன்பு மகள் டெல்பினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். போனில் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வாயெடுத்து, அங்கே பனி விழுகிறதா, என்ன சமைத்தாய் என்றே பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே அம்மா.

நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் மருதையை உனக்கு நினைவிருக்கும். போன மாதம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். ஞானஸ்நானம் வாங்கி, இருபத்தாறு வருஷம் பங்கில் இறந்தவர்களுக்கெல்லாம் குழி வெட்டியவர், ஆனால் அவருக்கு அங்கே இடம் கிடையாது. தோட்டம் நிறைந்துவிட்டது, ஏற்கெனவே இடம் ஒதுக்கிய குடும்பங்களுக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொது மயானம் என்று மூன்று வருஷத்துக்கு முன்பு பங்குக் கமிட்டியில் முடிவு செய்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய இடம் இருந்ததால் கை தானாகவே எழுந்தது.

ஒரு மாலை வாங்கிப் போட்டு, பொது மயானம்வரை கூடப் போய்விட்டு வந்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மருதையின் வீட்டுக்காரி வீரம்மாளும் எதுவும் கேட்கவில்லை, வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்குத்தான் உன் அம்மாவை அடக்கம் செய்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மழை. மருதை குழியின் பக்கச் சுவரையெல்லாம் கையாலேயே தடவிச் சரிசெய்துவிட்டு மேலே ஏறி வந்து, ஈரம் இல்லாம பாத்துட்டேன் சார், கவலப்படாதீங்க என்றார். அதை நினைத்தபிறகு அங்கே நிற்க முடியவில்லை. கமிட்டித் தலைவர் ரெஜிஸிடம் போய், என் இடத்தை மருதைக்குக் கொடுங்கள் என்றேன். அது டெல்பின் அம்மா பக்கத்துல சார், யோசிச்சுச் சொல்லுங்க என்றார். யோசிச்சா மாட்டேன்னுடுவேன், இப்பவே எழுதிக்குங்க என்றேன். அன்று சாயங்காலமே பங்குச் சாமியார் குழியை மந்திரித்து அடக்கம் செய்தார்.

உன் பிராங்க்ளின் மாமா கல்லறை வாசலிலேயே நின்று, எங்க அக்கா பக்கத்துல குழி வெட்டுறவனப் படுக்க வெக்கிறீங்களே, டெல்பினக் கேட்டீங்களா என்று எல்லார் முன்னாலும் கத்தினார். உன்னைக் கேட்காதது என் தப்புதான். அதற்குப் பிறகு அவர் வீட்டுப்பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பூசைக்குக் கூட்டிப்போய், திரும்பி வந்து என்னோடு சாப்பிடுவது அவர் ஒருவர்தான். இப்போது பஸ்ஸில் போய் வருகிறேன். பூசை முடிந்து ஸ்தோத்திரம் சொன்னால் பழையவர்கள் தலையை மட்டும் அசைக்கிறார்கள். ஒரு டம்ளர் அரிசி எனக்கு இரண்டு வேளைக்கு வருகிறது. சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று ஞானோபதேச வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு லேசாகவில்லை டெல்பின். அவள் பக்கத்தில்தானே போகப்போகிறோம் என்ற நினைப்பில்தான் இத்தனை நாள் இந்த வீட்டில் தனியாக இருந்தேன். ஆனாலும் அந்த நாள் மறுபடி வந்தால் கொடுக்கத்தான் செய்வேன், அதுவும் உண்மை.

சகல ஆத்துமாக்கள் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். வீரம்மாள் ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கிறவள், கட்டிக்கொண்டு வந்த சம்பங்கிச் சரத்தைப் பாதியாக்கி இரண்டு கல்லறைக்கும் வைத்தாள். பிறகு, உங்களுக்கு எங்கங்கய்யா இடம் என்று கேட்டாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்றேன். அம்மாவுக்கு ரொம்பத் தூரமாச்சுங்களே என்று சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீ ஊருக்கு வரும்போது இனி இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மாமாவுக்கு ஒரு போன் போடு. எனக்காக எதுவும் பேசாதே, சுகம் மட்டும் விசாரி. ஒத்த அக்காவைப் பறிகொடுத்தவர், அவரும் இப்போது ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் சாப்பிடுவார்.

உன் அன்பு அப்பா,
இன்னாசிமுத்து