கடல் ஏறும் வேளையில் குழாயில் வரும் உப்பும் என் மனைவி சுமந்த பழியும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
கடற்கரைத் தெருவின் கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்.

பொருள்: எங்கள் தெருத் தண்ணீருக்கு ‘நன்று’ என்று தவறாக முத்திரையிட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அறிக்கையை நம்பி, நாற்பத்தொரு நாள் என் மனைவியைத் திருடியாக நடத்தினேன்.

2. அவளுக்கு இதயம் பலவீனம். உப்பே கூடாது என்றார் மருத்துவர். ஆனாலும் கால் வீக்கம் வடியவில்லை. எனக்குத் தெரியாமல் உப்பெடுத்துத் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். உப்பு டப்பாவில் அளவுக்கோடு கீறி, அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “தண்ணிதாங்க கரிக்குது” என்றாள். என் நாக்குக்கு ருசி தெரிந்து பல வருடமாகிறது. தங்கள் அறிக்கையை நீட்டி அவள் வாயை அடைத்தேன். வீக்கம் ஏறியது. டப்பாவில் உப்பு மட்டும் கோட்டை விட்டு இறங்கவேயில்லை.

3. நூலகத்தில் வேதியியல் புத்தகம் படித்து, வெள்ளி நைட்ரேட் வாங்கினேன். மஞ்சள் நிறங்காட்டி கலந்த தண்ணீரில் அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செங்கல் நிறம் வர எத்தனை சொட்டு ஆகிறதோ, அவ்வளவு உப்பு. கடல் வற்றியிருந்த காலையில் நான்கு சொட்டு. கடல் ஏறிய மாலையில் முப்பத்தாறு. தெருக்கோடியில் குழாய் இணைப்பு விரிசல் விட்டிருக்கிறது. மோட்டார் நின்று குழாயில் அழுத்தம் குறைந்ததும், ஏறிவரும் கடல்நீர் அதன் வழியே புகுகிறது. தங்கள் ஊழியரோ காலையில், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் பிடித்துப் போயிருக்கிறார். முப்பது வருடம் டிக்கெட் எண்ணியவன் நான். சொட்டு எண்ணுவதில் தவற மாட்டேன்.

4. வெள்ளி நைட்ரேட் பட்டு என் விரல்கள் கறுத்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, “நான் ஒரே வார்த்தையில சொன்னத முப்பத்தாறு சொட்டு சொன்னாத்தான் நம்புவீங்களா?” என்று சிரித்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

5. ஆகவே, தாங்கள் எழுதிச் சொல்லி, குடிநீர்க் குழாய்ப் பொறியாளர் இந்த வாரமே அந்த இணைப்பை மாற்ற வேண்டும். தங்கள் ஊழியர் கடல் ஏறும் வேளையில், என் வீட்டுக் குழாயில், என் கண் முன்னால், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். தாங்கள் பழைய அறிக்கையை ரத்து செய்து, புதியதை என் மனைவியின் பெயருக்கே அனுப்ப வேண்டும். உப்பு தண்ணீரில்தான் இருந்தது என்று அதில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அதுவரை கேன் தண்ணீர் சுமப்பது என் பொறுப்பு. சாவியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்பதும் என் பொறுப்பு. அதை நேற்றே செய்துவிட்டேன்.

இடம்: மேற்படி வீடு
நாள்: 14ஆம் தேதி

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கடைசி வீட்டுக்காரன்