நிழல் முனீஸ்வரர் சாய்ந்த பிறகு

ஆசை நைனாவுக்கு,

உன் மரம் விழுந்துவிட்டது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற பழக்கம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். மூன்று வருடமாக உன் நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடித்து, கீழே எங்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டு, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். இந்த வருடம் அந்த இடத்தில் இந்தக் கடிதம்தான். பொத்தேரிக் கடையில் ஜெராக்ஸ் மிஷின் என்னுடையது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன், ஊரில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. எழுதி ஒட்டினால் நின்று படிப்பார்கள் இல்லையா?

ஞாயிறு பொழுது சாய்ந்து பிடித்த காற்று திங்கள் காலையில்தான் விட்டது. அம்மாவுக்கு எத்தனை முறை போன் போட்டேன் என்று எனக்கே தெரியாது, ஒரு முறையும் மணி அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் வரை பஸ், அங்கிருந்து பால்காரர் பைக், கடைசி மூன்று கிலோமீட்டர் நடை. வழி முழுக்க சவுக்குத் தோப்பெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. யாரோ வீட்டுத் தகரக் கூரை வயல் நடுவே நின்றுகொண்டிருந்தது, அதன் மேல் ஒரு கொக்கு. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே. சமையலறை ஓடு பத்துப் பதினைந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும், ‘சாப்ட்டியா?’ என்று கேட்டுவிட்டு, ‘மரம் வுழுந்துடுச்சுடி’ என்றாள்.

எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு நிழல் முனீஸ்வரரைத் தெரியும். அவர் எப்படி வந்தார் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாரும் படிக்கட்டும். நான் ஒன்பதாம் வகுப்பு. காலனிக்குப் போகிற மண்பாதையைத் தார் ரோடாக்க வந்து அளந்தார்கள். முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நம்பர் போட்டால் மரம் காலி என்று அர்த்தம். நீ பள்ளிக்கூட வேனை அந்த மரத்தடியில்தான் நிறுத்துவாய். அணுபுரத்துப் பிள்ளைகள் ஏறும்போது சீட்டு சுடக்கூடாது, உனக்கு அதுதான் கவலை.

மறுநாள் காலையில் மஞ்சள் துணியும் குங்குமமும் வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாய். எதற்கு என்றேன். ‘வாங்கினு வாடின்னா வாங்கினு வா’ என்றாய். நான் திரும்பி வருவதற்குள் மரத்தடியில் ஒரு கல் முளைத்திருந்தது. நம்பர் இருந்த இடத்தில் பட்டையாக விபூதி. ரோட்டு ஆபீசர் வந்து, ‘இது இன்னா சாமி?’ என்று கேட்டார். நீ ஒரு நொடி மேலே கிளைகளைப் பார்த்தாய். ‘நெழலு முனீஸ்வரர் சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீறாரு’ என்றாய். நான் வேனுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தூங்குமூஞ்சி மரத்தில் குடியேறிய ஒரே முனீஸ்வரர் உலகத்திலேயே உன்னுடையவராகத்தான் இருக்கும். ஊரில் கேட்டவர்களிடம், தாத்தா காலத்துக் கல் மண்ணில் புதைந்து கிடந்தது என்றாய். ரோடும் மரியாதையாக வளைந்துகொண்டு போனது.

அப்புறம் நடந்ததுதான் நீ எதிர்பாராதது. யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது வண்டி வாங்கியவர்கள் பூஜை போட வந்தார்கள். யாருக்கோ துபாய் விசா கிடைத்தது, சூலம் வந்தது. ஆடியில் பொங்கல், சித்தப்பா பூசாரி. சில வருடத்தில் நீயே செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட ஆரம்பித்தாய். நடித்தாயா நைனா, இல்லை நம்பிவிட்டாயா? அதை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த மரம் வேரோடு பெயர்ந்து, வளைவில் ரோட்டை முழுசாக மூடிக்கொண்டு கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் காலனி. காலனியில் டேனியல் மாமா.

உன்னோடு பதினெட்டு வருடம் வேன் ஓட்டிய டேனியல் மாமாவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ போன பிறகு அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தவறினால் உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவரால் போக முடியவில்லை.

நான் அடிமரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் ஊர்ந்து அந்தப் பக்கம் போனேன். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லையாம். கால் இரண்டும் வீங்கி, விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மேரி அத்தை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பரவால்லம்மா, ரோடு ரெடியாவட்டும், போய்க்கலாம்’ என்றார் மாமா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று.

படுத்தால் மூச்சு வராதவரை அந்தச் சந்தில் இழுக்க முடியாது என்று கட்டிலோடு தூக்கிப் போகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏரியிலிருந்து வழிந்த தண்ணீர் கால்வாயில் மார்பளவு ஓடியது. இன்னொரு பக்கம் வேர் பெயர்ந்த பள்ளம். மரத்தின் மேல் ஏறிக் கடக்கலாம் என்றால், கிளை முழுக்க மின்கம்பி சிக்கிக் கிடந்தது. கரென்ட்டுக்காரர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் போயிருந்தார். இருந்தாலும் சாமியை மிதித்து ஏற ஒருத்தருக்கும் கால் வரவில்லை.

புதன்கிழமை காலையில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து மரம் அறுக்கிற மிஷினோடு ஏழுமலை என்று ஒருவர் வந்தார். அப்பாடா என்றிருந்தது. மிஷினை ஸ்டார்ட் செய்துகொண்டே அடிமரத்துக்கு வந்தவர், துணியையும் சூலத்தையும் பார்த்தார். மிஷினை நிறுத்தினார். ‘நான் தொட மாட்டேன்க்கா. பொண்டாட்டி புள்ளையோட கீறேன்’ என்றார்.

சித்தப்பா வந்து, பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாய்ந்து கிடந்த அடிமரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஒரு சின்னப் பெண்ணை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் வெட்டலாம்.

சிவப்பு வந்தது நைனா.

‘உத்தரவு இல்ல. வெள்ளிக்கெழம தாட்டி இன்னொரு வாட்டி கேக்கலாம்’ என்றார் சித்தப்பா. கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஏழுமலை மிஷினைத் துணியில் சுற்றினார். என் கண்ணுக்கு அந்த வீங்கின காலில் நின்ற குழிதான் தெரிந்தது.

‘சித்தப்பா, நில்லுங்க’ என்று கத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேன், நிழல், கடையில் நான் வாங்கின துணி, ஆபீசர், நான் சிரித்தது வரை. ‘அங்க சாமியே கெடையாது. எங்க நைனா சொன்ன பொய்யி அது’ என்றேன். உன்னைப் பொய்யன் என்று ஊர் நடுவே சொல்வேன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

சித்தப்பா என் தோளில் கை வைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, பரவசமாக இருந்தது. ‘இத்தினி நாளா எனக்குத் தெரியாம போச்சே. அந்த எடத்துல என்னைய வையின்னு உங்க நைனா மனசுல பூந்து சொன்னதே அவருதாம்மா’ என்றார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உன் பொய்யைப் பொய் என்று நிரூபிக்கப் போய், நான் அதற்கு ஒரு தல புராணம் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏழுமலையிடம் போய்க் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர்தான். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார். ‘மொதோ வெட்டு போடுறவங்க குடும்பத்ததான்கா சாமி காவு கேக்கும். வேற யார்னா ஒரு வெட்டு போட்டாங்கன்னா, மீதிய நான் அறுத்துத் தள்ளிட்றேன்.’

கோடாரி கொடுங்கள் என்றேன்.

‘கலா, உனக்கு ஒரு பொண்ணு கீது. மறந்துகினு நிக்காத’ என்றார் சித்தப்பா. மிரட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்து சொன்னார்.

இதை மறைக்கக்கூடாது. துணி வாங்கியது நான், சிரித்தது நான். அங்கே ஒன்றும் இல்லை என்று அந்த ஊரிலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் நான். கோடாரியைத் தூக்கினதும் என் பெண் முகம் வந்து நின்றது. ‘முனீஸ்வரா, மன்னிச்சுக்கோ’ என்று என் வாயிலிருந்தே வந்தது. போட்டேன். பட்டை பெயர்ந்ததே தவிர பெரிதாக ஒன்றும் வெட்டுப்படவில்லை. ஏழுமலைக்கு அது போதுமாக இருந்தது. காய்ந்த மூங்கிலால் கம்பியை ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி எடுத்துவிட்டார்.

மினி வேனில் மாமாவை ஏற்றி, நானும் மேரி அத்தையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பேச வேண்டாம் என்றாலும் மாமா கேட்கவில்லை. ‘கல்ல நீ சொல்லலியே’ என்றார். எந்தக் கல் என்றேன். ‘உங்க நைனா ஒண்டியா தூக்க முடியுமா அத? நானுந்தான் ஒரு பக்கம் புடிச்சேன்.’

‘தெரிஞ்சுகினேவா மாமா மூணு நாளா மூச்சு வாங்கிகினு கெடந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?’ என்றேன்.

‘நான் எப்டிம்மா சொல்றது?’ என்றார். ‘வேதக்காரன், அதுவும் காலனிக்காரன், ஊரு சாமிய பொய்யின்றான்னு ஆவும். மரம் அது பாட்டுக்குக் கெடக்கும், வேற ஒண்ணு பத்திக்கும். நம்ம புள்ளைங்க நாளைக்கு அந்த ரோட்லதான போவணும்?’

நைனா, இதை நீ எப்போதாவது யோசித்தாயா? நீ ஒரு வார்த்தை சொன்னாய், ரோடே வளைந்தது. உன்னோடு சேர்ந்து அந்தக் கல்லைத் தூக்கிய ஆள், சாகக் கிடந்தும் அது வெறும் கல் என்று சொல்ல முடியவில்லை. ஆடிப் பொங்கல் அன்று அவர் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் தனியாகப் பொங்கல் கொடுத்தனுப்புவாய். பெரிய மனசு என்று நினைத்திருந்தேன். அவரைக் கூப்பிட்டு ஏன் நம்மோடு உட்கார வைக்கவில்லை? நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

நுரையீரலில் தண்ணீர் ஏறியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று நர்ஸ் அம்மா எங்களைத் திட்டினார். மரம் என்று மட்டும் சொன்னேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். முன்பு மாதிரி இல்லை, வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை உட்காருகிறார். நடுவில் என் பெண்ணுக்கு இரண்டு நாள் காய்ச்சல். பொத்தேரியில் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல்தான். ஆனாலும் அந்த இரண்டு நாளும் நான் தெர்மாமீட்டரைக் கையிலிருந்து இறக்கவில்லை. பேத்தியைப் பார்க்க வந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. அறுத்த அடிமரம் இருக்கிற இடத்திலேயே கான்கிரீட்டில் கோயில் கட்டப் போகிறார்களாம். ரோட்டை இன்னும் நாலடி வாங்கும். வாசலில் நிறுவனர் என்று உன் படம். சித்தப்பா வந்து படம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அம்மா பெட்டியைத் திறக்கப் போனாள், அவளையும் உட்காரச் சொல்லிவிட்டேன். அடுத்த காற்று வராமலா போகும்? அன்றைக்கு அந்தப் பக்கம் யார் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். இந்தக் கடிதத்தை டேனியல் மாமாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஜெராக்ஸ் போடுகிறேன். கூட்டத்துக்கு வந்து நீங்களே சொல்லுங்கள் மாமா என்றேன். ‘வேணாம்மா’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன், மறுபடி ‘வேணாம்மா’. நான் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டு, ‘எந்த சட்டைம்மா போட்டுக்கறது?’ என்று கேட்டார்.

அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் நைனா. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாற்காலி போட்டு, ஊருக்கு நடுவே உட்கார வைப்பேன். அவர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொல்லி முடிக்கிற வரைக்கும், எவ்வளவு நேரமானாலும், ஒருத்தரையும் குறுக்கே பேச விடமாட்டேன். நீ இருந்தால் நீ செய்ய வேண்டியதை, உனக்குப் பதிலாக நான் செய்கிறேன்.

உன் மேல் கோபமும் தீராத, ஆசையும் தீராத
உன் மூத்த மகள்
கலா