கீழே வைக்காத கோப்பை

ஜன. 11, ஞாயிறு

காலையில் மூடுபனி. கராமா ரூமிலிருந்து மெட்ரோ வரை எதிரில் வருகிறவன் முகம் தெரியவில்லை. ஹோட்டல் வாசலில் போனை வாங்கி, பெயர் ஒட்டி, பையில் போட்டார்கள். டூட்டி முடிந்தால்தான் கிடைக்குமாம்.

பெரிய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு நாட்டுக்காரர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். நடுவில் உட்கார்ந்து பேசவைப்பது இந்த நாடு. யார் எந்த நாடு என்று நாங்கள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே ஒன்பதாம் மாடி, பன்னிரண்டாம் மாடி. மேனேஜர் பாலு சேட்டன் எங்களை நிற்கவைத்துச் சொன்னது:

இடது லிஃப்ட் ஒன்பதுக்கு, வலது பன்னிரண்டுக்கு. மாறக்கூடாது.
பேரீச்சை, தட்டு, பூ எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.
கஹ்வா ஊற்றுகிறவன் வாயைத் திறக்கக்கூடாது.

"ஒரு வார்த்தை பேசினா நாளைக்கே டிக்கெட். கேட்டோ?"

கஹ்வா என்பது இங்கத்து அரபிக் காப்பி. அதை ஊற்றுகிறவன் நான். எனக்கு ஒன்பது. நேபாளி பிரகாஷுக்குப் பன்னிரண்டு.

தம்பி குமரேசன் ஒன்பதாம் மாடிக்காரர்கள் நாட்டில்தான் இருக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம். அவன் வேலை பார்த்த டீசல் கப்பலைப் பிடித்து அவர்கள் துறைமுகத்தில் கட்டிப் போட்டது போன ஆடியில். கேஸும் இல்லை, விடுதலையும் இல்லை. கப்பலை விட்டு இறங்கவே விடுவதில்லை.

பாலு சேட்டனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கிச்சனுக்குள் தள்ளிவிடுவார். வெளியே நின்று மட்டும் நான் என்ன கிழிக்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

ஷூ கடிக்கிறது. பிளாஸ்டர் வாங்க வேண்டும்.

ஜன. 12, திங்கள்

பனி இல்லை. நல்ல வெயில், குளிர்காற்று.

ஒன்பதாம் மாடியின் தலைவரை இன்று பக்கத்தில் பார்த்தேன். வெள்ளைத் தாடி. முழங்கால் வலி போல, உட்கார்ந்ததும் தேய்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நன்றிக்கு "ஷுக்ரன்" என்கிறார், என் முகத்தைப் பார்த்து. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தம்பியைப் பிடித்து வைத்திருப்பவர்கள் என்று நினைத்து, கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கஹ்வா ஊற்றும் மூக்குக் கூஜா, தல்லா, கனமாக இருந்தது, அவ்வளவுதான். இடது கையில் தல்லா, வலது கையில் கோப்பை. அரைக்கோப்பைக்கு மேல் ஊற்றக்கூடாது. நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

டூட்டி முடிந்து போன் கைக்கு வந்தது. குமரேசன் பெண்டாட்டி வளர்மதியிடமிருந்து ஏழெட்டு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"அத்தான், அந்த ஊருக்காரங்க உங்க ஓட்டல்லதான் இருக்காங்களாமே? டிவில காட்டுறாங்க."

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை கேக்க முடியாதா? உங்க தம்பிக்குக் கால் வீங்கிருக்காம். அந்த உப்புத் தண்ணியிலயே குளிக்கிறாராம்."

பார்க்கிறேன் என்றேன். வைத்ததும் பசித்தது. இரண்டு பரோட்டா, சால்னா.

ரூமில் காதர் பாய். காயல்பட்டணத்துக்காரர், சத்வாவில் துணிக்கடை. நியூஸ் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த நாட்டுக்காரங்களுக்கு வேற வழி என்ன தம்பி? எண்ணெய் இருக்கு, காசு இருக்கு, ஆளு கொஞ்சம். சுத்தி நிக்கிறவன்லாம் தடியன். எல்லாருக்கும் நல்ல பிள்ளையா இருந்தாத்தான் பொழைக்கலாம். நம்மளும் அப்படித்தானே இருக்கோம்."

ஜன. 13, செவ்வாய்

இன்று முதல் முறையாக இரண்டு கூட்டமும் ஒரே ஹாலில். காலையிலேயே கலாட்டா. பன்னிரண்டாம் மாடி நாற்காலிகளில் மெத்தை கொஞ்சம் தடிப்பாம். அத்தனை நாற்காலியையும் தூக்கி, வேறு போட்டோம். முதுகு போயிற்று.

யாருக்கு முதலில் கஹ்வா என்பது அடுத்த சிக்கல். முதல் கோப்பை யாருக்கோ அவர்தான் பெரியவர் ஆகிவிடுவார். அதனால் நானும் பிரகாஷும் இரண்டு கதவு வழியாக ஒரே நேரத்தில் நுழைந்து, ஒரே நேரத்தில் குனிந்து ஊற்ற வேண்டும். நேற்றெல்லாம் காலி ஹாலில் பழகினோம். பிரகாஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாயி, கல்யாணத்துல மாலை மாத்துற மாதிரி இருக்கு" என்று இந்தியில் சொன்னான். அவனுக்கு அடுத்த மாசம் ஊரில் கல்யாணம். லீவு இன்னும் கிடைக்கவில்லை.

நடுவில் அபூ சயீத். இந்த நாட்டின் ஆள், பேச்சை நடத்துகிறவர். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை.

ஊற்றினோம். பன்னிரண்டு குடித்தது. ஒன்பதாம் மாடித் தாடிக்காரர் குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே மேஜையில் வைத்தார். நான் குனிந்தபடியே நின்றேன்.

இது இங்கத்திய பழக்கம். வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள், கண்ணால் பார்த்தது இன்றுதான். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். குடிக்காமல் கீழே வைத்தால் விருந்தாளிக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். என்ன என்று வீட்டுக்காரன் கேட்டே ஆக வேண்டும். முடிந்தவரை இல்லை என்று சொல்லக்கூடாது.

அபூ சயீத் கேட்டார். தாடிக்காரர் மெதுவாக ஏதோ சொன்னார். இவர் கொஞ்ச நேரம் பன்னிரண்டாம் மாடியைப் பார்த்தார், பிறகு மூக்கின் மேல் விரல் வைத்து "அபஷிர்" என்றார். நடத்திக் கொடுக்கிறேன் என்பது. தாடிக்காரர் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

என்ன கேட்டார் என்று தெரியாது. ஏதோ விமானமாம், பாலு சேட்டன் சொன்னார். ஒரு கோப்பையைக் கீழே வைத்து ஒரு விமானம்.

ஜன. 14, புதன்

குமரேசன் வாய்ஸ் மெசேஜ், கேப்டன் போனிலிருந்து. "அண்ணே, நல்லா இருக்கேன். சோறு வருது. கால்தான் கொஞ்சம். பாப்பாகிட்ட நான் வேலையில இருக்கேன்னு சொல்லச் சொல்லு." பின்னால் யாரோ இருமுகிறார்கள். மூன்று தடவை கேட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்து, வராததால் துணி துவைத்தேன்.

காதர் பாயிடம் ஒரு வாக்கியம் கேட்டு வாங்கினேன். என் தம்பி உங்கள் துறைமுகத்தில் கப்பலில் இருக்கிறான் என்பதை அரபியில். பாய் சொல்லிக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சொல்லிட்டா அப்புறம் உன் கதி?"

"டிக்கெட்தான்."

"ரெண்டு குடும்பமும் உன் சம்பளத்துல ஓடுது தம்பி. பார்த்துக்க."

மெட்ரோவில் சொல்லிப் பழகினேன். தாடிக்காரர் பக்கத்தில் இன்று பல தடவை நின்றேன். ஷுக்ரன் என்றார். நான் தலையை ஆட்டினேன். வாக்கியம் நாக்குக்கு அடியிலேயே கிடந்தது. பயமா என்றால் பயம்கூட இல்லை. நிற்கும்போது நான் அங்கே இருப்பதாகவே தோன்றுவதில்லை. தல்லா பிடிக்க ஒரு கை, கோப்பை கொடுக்க ஒரு கை. கேட்பதற்கு விருந்தாளியாக இருக்க வேண்டும். யாராவது எனக்குக் கோப்பை கொடுத்தால் அல்லவா கீழே வைக்க.

கராமாவில் கரும்பு வந்திருக்கிறது. முழக்கணக்கில் வெட்டி விற்கிறான். வாங்கவில்லை.

ஜன. 15, வியாழன்

பொங்கல். குளித்தேன், டூட்டிக்குப் போனேன்.

மதியம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு பேனா, ஒரே மாதிரி. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள், ஆளுக்கொரு கதவு வழியாகப் போனார்கள். பன்னிரண்டாம் மாடிக்கு அவர்கள் ஆட்கள் சிலர் திரும்பக் கிடைக்கிறார்களாம். கப்பல், மாலுமி என்று எதுவும் இல்லை. பாலு சேட்டனிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "அதொண்ணும் இல்லடா. அது வேற விஷயம்" என்றார்.

ஹாலில் நானும் பிரகாஷும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தோம். அபூ சயீத் மட்டும் திரும்பி வந்தார். தூங்காத கண். நல்ல சந்தோஷம். "நீங்க ரெண்டு பேரும் ஒரு சொட்டு சிந்தல" என்று இந்தியில் சொன்னார். என் கையிலிருந்து தல்லாவை வாங்கினார். நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, அவரே ஊற்றினார். முதலில் எனக்கு.

வாங்கினேன். குடித்தேன். ஒரே மடக்கு. பெரியவர் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது, அவர் நேரம் வீணாகக்கூடாது என்று கை தானாகப் போயிற்று. கோப்பையை ஆட்டி, போதும் என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தும்விட்டேன்.

அடுத்து பிரகாஷ். அவன் வாங்கி, சிரித்துக்கொண்டே, மேஜையில் வைத்தான்.

அபூ சயீத் ஒரு நொடி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அரே! க்யா சாஹியே? போலோ." என்ன வேண்டும், சொல் என்பது.

"கல்யாணம் சார். லீவு."

மூக்கில் விரல். அபஷிர். அங்கேயே பாலு சேட்டனைக் கூப்பிட்டார். லீவும் டிக்கெட்டும். பிரகாஷ் குடித்தான்.

"தும்?" என்றார் என்னைப் பார்த்து. உனக்கு என்ன என்பது. அதற்குள் வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கையில் என் காலிக் கோப்பை.

அரபி வாக்கியம்கூடத் தேவைப்பட்டிருக்காது. இந்தியில் கேட்டிருக்கலாம். இந்தி எனக்கு நன்றாக வரும்.

ஜன. 16, வெள்ளி

மேகம். இரண்டு லிஃப்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒன்பதாம் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள். தாடிக்காரர் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

வளர்மதி கூப்பிட்டாள்.

"பேச்சு நல்லபடியா முடிஞ்சிருச்சாமே அத்தான். உங்களால கேக்க முடிஞ்சுச்சா?"

"நம்ம கேக்குற இடம் இல்லம்மா அது. ஊத்துறவன்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"சரி அத்தான்" என்றாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். பிரகாஷ் எனக்காக லட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தொட்டுப் பார்த்தேன், இன்னும் மெத்தென்று இருக்கிறது.